பதினெட்டு வருடம் நின்ற எஞ்சின்

நீண்ட காலம் ஓடாமல் நின்ற எஞ்சின் பெரும்பாலும் பழுதாவது, அதை மறுபடி ஓட்டத் தொடங்கும் முதல் அரை நிமிடத்தில்தான். இதை நான் வகுப்பறையில் படிக்கவில்லை. 2024 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும், எங்கள் பின்வளவிலுள்ள தகரக் கொட்டிலில் ஒரு சீ.ஆர். கொப்பியும் டோர்ச் லைற்றும் பிடித்துக்கொண்டு நின்று கற்றேன்.

கொட்டிலில் இருந்தது மூத்தவாப்பாவின் மொரிஸ் மைனர் கார். 1960ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஸ்ரீ இலக்கத் தகடு. கடைசியாக ஓடியது 2006 ஓகஸ்டில். மூதூரில் சண்டை மூண்டு, அங்கிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த நாட்கள் அவை. அங்கே வந்திருந்த எங்கள் உறவினருக்கு அரிசியும் உடுப்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிய மூத்தவாப்பா, காரைக் கொட்டிலில் விட்டார். பிறகு சோதனைச் சாவடிகள் கூடின. அதன் பின் அவருடைய கண் பார்வை குறைந்தது. இப்படியே பதினெட்டு வருடம் போய்விட்டது. நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன கார் அது. சின்ன வயதில் எனக்கு அது ஒரு வாகனமாகவே தோன்றியதில்லை. கோழி முட்டையிடும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதை மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டி வந்தது வீட்டுக் கூரையால். முந்திய வாடை மழையில் எங்கள் கூரைத் தகடுகள் பல உடைந்து, மழை உள் அறைவரை வந்தது. வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது கார் ஒன்றுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கும் நல்ல விலை இருந்தது. மாவனல்லையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் அதில் பாதி என்றார். அவர் அவசரக்காரர்.

"பற்றரி வயர் கொண்டுவந்திருக்கன். என்ட வேனிலிருந்து பூட்டி இப்பவே ஸ்டாட் பண்ணிப் பார்ப்போம். எடுக்காட்டி கட்டி இழுப்போம். கிளட்சை விட்டதும் தானா எடுக்கும்" என்றார்.

வாப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. மூத்தவாப்பா மட்டும் கதிரையை விட்டு எழும்பாமலே தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. பதினெட்டு வருசம் படுத்துக் கிடந்தவன எழுப்பி உடனே ஓடு எண்டு சொன்னா ஓடுவானா? எனக்கு ஒரு மாசம் தாங்க."

வந்தவர் ஒரு மாதம் தந்தார். வாப்பாவுக்கு மனமில்லை. ஒக்டோபர் கடைசியில் வாடை மழை பிடித்துவிடும், அதற்கு முன் கூரை முடிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அவருடைய கணக்கிலும் பிழையில்லை. ஆகவே எங்களுக்கு அவசரமும் இருந்தது, அவசரப்படக் கூடாத வேலையும் இருந்தது.

மூத்தவாப்பா தன்னுடைய பழைய நண்பர் ஒருவரை அழைத்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற பிற்றர் அவர். அவருடைய தகப்பனார் பிரித்தானியர் காலத்தில், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை, டொக்யாட்டில் வேலை செய்தவராம். நாங்கள் அவரைப் பிற்றர் ஐயா என்றே கூப்பிட்டோம். அவர் வந்ததும் பொனற்றைத் திறக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்: எப்போது நிறுத்தியது? எப்படி நிறுத்தியது? நிறுத்தும்போது என்ன பழுது இருந்தது?

பதில்களை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ரேடியேற்றர் தண்ணீரை மூத்தவாப்பா அன்றே இறக்கிவிட்டிருந்தார். பற்றரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். காரைக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். ஆனால் தாங்கியில் கால்வாசிப் பெற்றோல் அப்படியே இருந்தது. எஞ்சினில் பழைய ஒயிலும் இருந்தது.

"அப்ப இது ஒரு கார் நிண்டதில்லை, பிள்ளை. பெற்றோல் ஒரு மாதிரி நிண்டிருக்கும், ஒயில் ஒரு மாதிரி, ரப்பர் ஒரு மாதிரி, இரும்பு ஒரு மாதிரி. ஒவ்வொண்டிட்டையும் தனித்தனியாத்தான் கேக்க வேணும்" என்றார் ஐயா.

அன்றிலிருந்து கொப்பியில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

மொரிஸ் மைனர் பற்றியும் சில விடயங்களைத் தேடிப் படித்தேன். 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உதுமானியப் பேரரசின் கீழிருந்த இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்தவர். பின்னாளில் மினி காரையும் வடிவமைத்தவர் அவரே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. இலங்கையில் டாக்குத்தர், ஆசிரியர், எழுதுவினைஞர் என்று பல வீடுகளின் முதல் கார் இதுதான். இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையமொன்று 1990களில் இதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கியது என்று வாசித்தபோது, எங்கள் கொட்டிலில் இருந்த காரை நானே இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். எங்களுடையதில் நான்கு சிலிண்டர்கள், 948 சீசீ. முன்பக்கத்தில் கையால் சுற்றும் ஹாண்டிலைப் போட ஒரு துவாரம் உண்டு. அந்தத் துவாரம்தான் பிறகு எங்களுக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது.

முதல் வேலை பெற்றோலை இறக்குவது. பெற்றோல் பல ஐதரோக்காபன்களின் கலவை. காற்றிலுள்ள ஒட்சிசனுடன் அதிலுள்ள நிரம்பாத சேர்வைகள் மெல்ல மெல்லத் தாக்கமடைந்து பிசினாகின்றன. லேசாக ஆவியாகக்கூடிய பகுதி பறந்துவிட, கனமான பகுதி மிஞ்சுகிறது. சில மாதங்களிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிடும். பதினெட்டு வருடத்தில் எங்கள் தாங்கியில் மிஞ்சியிருந்தது பழைய வார்ணிஷ் மணத்துடன் கூடிய மண்ணிறத் திரவம். அதை எஞ்சினுக்குள் அனுப்பினால் காபுரேற்றரின் நுண்ணிய துளைகள் அடைபடும். வால்வுகளின் தண்டுகளில் பிசின் ஒட்டும்.

ஆனால் கெட்டுப்போன பெற்றோலும் தீப்பிடிக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் நிலத்தோடு ஊர்ந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். கொட்டிலுக்கும் எங்கள் அடுப்படிக்கும் இடையில் ஒரு சுவர்தான். சுவரின் அடியில் தண்ணீர் போகும் துவாரம் ஒன்றும் உண்டு. ஐயா அந்தத் துவாரத்தைத்தான் முதலில் பார்த்தார். அன்று காலையில் அடுப்பு மூட்டவில்லை. பகல் சாப்பாடு சாச்சி வீட்டிலிருந்து வந்தது. காரைக் கொட்டிலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளினோம். கைபேசிகளை வீட்டுக்குள் வைத்தோம். இரண்டு வாளி மணலும் ஈரச் சாக்கும் பக்கத்தில் வைத்தோம். எரியும் பெற்றோலின் மேல் தண்ணீர் ஊற்றினால் பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். ஆகவே தண்ணீர் வாளியை ஐயா தூரத்தில் வைக்கச் சொன்னார்.

"சீனக்குடாத் தாங்கியக் கேள்விப்பட்டிருக்கிறியளோ, பிள்ளை?" என்று கேட்டார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கியொன்று நாட்கணக்கில் எரிந்தது. துறைமுகத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நேற்று நடந்தது போல. இறக்கிய பெற்றோலை உலோகக் கலனில் மூடி, கழிவு ஒயில் எடுக்கும் கராஜ் ஒன்றுக்கு அனுப்பினோம். கானில் ஊற்றினால் அது போய்ச் சேருமிடம் கடல்.

அடுத்தது எஞ்சினின் உட்பக்கம். ஓடும் எஞ்சினில் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்ரன் வளையத்துக்கும் இடையில் மெல்லிய ஒயில் படலம் இருக்கும். நின்றுவிட்டால் அந்தப் படலம் மெல்ல வடிந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து உட்துறைமுகம் நடந்துபோகும் தூரம். ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும் உப்புக் காற்று. அந்தக் காற்று சிலிண்டருக்குள்ளும் போயிருக்கும். வளையமும் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில் வேனில் கட்டி இழுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றில் வளையம் உடைந்திருக்கும், அல்லது துரு மணல்தாள் போலச் சுவரைச் சுரண்டியிருக்கும். அதோடு ஒயில் இன்னும் மேலே ஏறாத நிலையில் தாங்கிகள் வெறும் உலோகமாக உரசியிருக்கும். எஞ்சின் ஒருவேளை ஓடியிருக்கும். வந்தவரும் பணத்தைக் கொடுத்துக் கொண்டுபோயிருப்பார்.

ஐயா நான்கு பிளக்குகளையும் கழற்ற முன், வயர்களை அடையாளமிடச் சொன்னார். இந்த எஞ்சின் தீமூட்டும் ஒழுங்கு 1, 3, 4, 2; வயர் மாறினால் எஞ்சின் எடுக்காது, அல்லது காபுரேற்றர் வழியாகத் தீ திரும்ப வெடிக்கும். மூத்தம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, முதலாவதுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு முடிச்சு என்று கட்டினேன். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் ஒயில் இரண்டு தேக்கரண்டி விட்டோம். அவ்வளவுதான் அன்றைய வேலை. துவாரங்களைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு ஐயா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றும் செய்யாமல் காத்திருந்த அந்த நாட்கள்தான் எங்கள் வீட்டில் மிகவும் சத்தமாக இருந்தன. மாவனல்லைக்காரர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் கோல் எடுத்தார். வேறொரு கார் பார்த்திருப்பதாகச் சொன்னார். "ஒயில ஊத்திப் போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் வேலையா?" என்று வாப்பா கேட்டார். உம்மா இரண்டு பக்கமும் பேசாமல் தேயிலை ஊற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஐயா வந்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்டிலை மாட்டி, மெல்ல அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. அவர் பலம் போடவில்லை. இன்னும் கொஞ்சம் ஒயில் விட்டுவிட்டுப் போனார். ஆறாம் நாளும் அப்படியே. ஒன்பதாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, ஹாண்டில் கால் சுற்று நகர்ந்தது. அவர் உடனே நிறுத்தி, பின்பக்கம் கொஞ்சம், முன்பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி, அரை மணித்தியாலத்தில் முழுச் சுற்றுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு என்னையும் சுற்றச் சொன்னார். பெருவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைக்க வேண்டும், ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திடீரென்று பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். பிளக் இல்லாத எஞ்சின் உதைக்காது என்றாலும், பழக்கம் சரியாகப் பழக வேண்டும் என்றார். எஞ்சினின் ஒரு வட்டம் பூர்த்தியாக ஹாண்டில் இரண்டு தரம் சுற்ற வேண்டும். மேல் மூடியைக் கழற்றி, நான் சுற்றச் சுற்ற, எட்டு வால்வுகளும் ஒவ்வொன்றாக இறங்கி ஏறுகின்றனவா என்று அவர் டோர்ச் அடித்துப் பார்த்தார். எட்டும் அசைந்தன.

பழைய ஒயிலை இறக்கிப் புதிதாக மூன்றரை லீற்றருக்குச் சற்று மேல் விட்டோம். ஒயில் வடியும் மாற்றினோம். ரேடியேற்றரைக் குழாய்த் தண்ணீரால் கழுவியபோது செந்நிறச் சேறு வந்து, பிறகு தெளிந்தது. ரப்பர்க் குழாய்கள் விரலால் மடித்ததும் வெடித்தன. தண்ணீர்க் குழாயும் பெற்றோல் குழாயும் புதிதாகப் போட்டோம். காபுரேற்றரின் மிதவை அறையில் பிசின் தேன் போல இருந்தது. அங்கேயுள்ள ஊசி வால்வு பிசினில் ஒட்டித் திறந்தபடி நின்றால், பெற்றோல் நிரம்பி வழிந்து சூடான சைலன்சர்க் குழாயின் மேல் விழும். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு இது ஒரு வழி. அதைக் கழுவ ஐயா அரை நாள் எடுத்தார்.

மின்சாரப் பக்கத்தில்தான் எனக்கு மிகவும் ஆச்சரியமான விடயம் கிடைத்தது. இன்றைய கார்களில் பற்றரியின் மறை முனை காரின் உடம்போடு இணைந்திருக்கும். எங்கள் மைனரில் நேர் முனைதான் உடம்போடு இணைகிறது. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவும் அப்படித்தான். இப்போதைய வாகனங்களில் பழகியவர், சிவப்பு வயரைப் பற்றரியின் நேர் முனையிலும் கறுப்பு வயரைக் காரின் உடம்பிலும் பூட்டுவார். மைனரில் அப்படிப் பூட்டினால் இரண்டு வயரும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்து குறுஞ்சுற்றாகும். வயர் சிவந்து உருகும். பற்றரியே வெடிக்கவும் கூடும். முதல் நாளே வேனிலிருந்து பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் வாப்பாவிடம் கொப்பியில் படம் கீறிக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து "எப்ப முடியும்?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

வயர்களில் எலி கடித்த இடங்கள் மூன்று இருந்தன. இந்தக் காருக்கு இரண்டே இரண்டு பியூஸ்கள்தான். எல்லா வயருக்கும் பாதுகாப்பு இல்லை. கடித்த துண்டுகளை மாற்றிய பிறகே புதிய பற்றரி வந்தது.

பிரேக்கை மறந்துவிடக் கூடாது. எஞ்சின் ஓடினால் கார் நகரும். நகர்ந்தால் நிற்கவும் வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பதினெட்டு வருட ஈரத்தில் சக்கர சிலிண்டர்கள் எல்லாம் இறுகியிருந்தன. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம்; அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு. ஆகவே காற்றடித்து ஊதாமல், நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்தோம். எல்லாம் திருத்தி முடிய ஒரு கிழமை போனது.

செப்டெம்பர் மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை. காரை மறுபடி கொட்டிலுக்கு வெளியே தள்ளினோம். இதற்குக் காரணம் பெற்றோல் ஆவி மட்டுமல்ல. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணையும். மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவர், மூச்சுத் திணறுகிறது என்று உணருமுன்பே மயங்கிவிழலாம்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். தாங்கிக்குப் பதிலாக ஒரு சிறிய கலனில் இரண்டு லீற்றர் புதுப் பெற்றோல். பிளக்குகள் இல்லாமலே முதலில் ஸ்டாட்டரால் சுற்றினார் ஐயா. எஞ்சின் எடுக்கவைப்பதற்கல்ல, புதிய ஒயிலை மேலே ஏற்றுவதற்கு. சில விநாடி சுற்றி நிறுத்தினார், மறுபடி சுற்றினார். நாலாம் தரம் ஒயில் விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் பிளக்குகளைப் பூட்டினோம். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று வயர்களை நான் மாட்டினேன்.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்தது. பிறகு மெதுவாகி நின்றது. காபுரேற்றர் நிறைந்து ஊசி வால்வு மூடிக்கொண்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்திருந்தால் எங்கோ கசிகிறது. மூத்தவாப்பாவைக் கதிரையோடு தூக்கி வேப்பமரத்தடியில் வைத்திருந்தோம். பார்வை போதாதவர், கேட்டுக்கொண்டிருந்தார். பம்ப் நின்றதும், "ம், பூட்டிட்டுது" என்றார்.

முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் ஒரு சத்தம் மட்டும். மூன்றாம் தரம், "பிஸ்மில்லாஹ்" என்று மூத்தவாப்பா சொன்னது எனக்குக் கேட்டது. எஞ்சின் எடுத்தது. பின்பக்கம் முழுவதும் நீலப் புகை. சிலிண்டரில் விட்ட ஒயில் எரிகிறது, பயப்பட வேண்டாம் என்றார் ஐயா. விடாமல் வெள்ளைப் புகை வந்தால்தான் தண்ணீர் உள்ளே போகிறது என்று பயப்பட வேண்டும். யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு பார்வை வேலை இருந்தது: எனக்கு ஒயில் விளக்கு, வாப்பாவுக்குப் பெற்றோல் குழாய், தம்பிக்கு மணல் வாளி. ஒரு நிமிடத்தில் ஐயா நிறுத்திவிட்டார். கசிவு பார்த்தோம். பிறகு மூன்று நிமிடம். பிறகு பத்து. நீலப் புகை குறைந்தது.

ஆனால் சத்தம் சமமாக இல்லை. ஐயா அழுத்தமானியால் அளந்தபோது மூன்றாம் சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருந்தது. அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்தார். வளையம் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை மூடி அழுத்தம் கூடியிருக்கும். கூடவில்லை. ஆகவே பழுது வால்வில். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மூளைக்குக் கேடான ஈயம் காற்றில் கலப்பதைத் தடுக்க உலகம் முழுவதும் எடுத்த நல்ல முடிவு அது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகில் எங்குமே கார்களுக்கு அந்தப் பெற்றோல் விற்கப்படுவதில்லை. ஆனால் ஈயம் இந்தப் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. 2002இற்குப் பின் ஓடிய நான்கு வருடத்தில் அந்த இருக்கை தேய்ந்திருக்கலாம் என்றார் ஐயா.

அன்றிரவு கொப்பியிலிருந்து ஒரு பட்டியல் எழுதும்படி மூத்தவாப்பா சொன்னார். மூன்றாம் சிலிண்டர் வால்வு, ஓட்டுநர் பக்க அடித்தளத் துரு, பின் கண்ணாடி ரப்பர் என்று பதினொரு குறைகள் வந்தன.

"எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தா யாரு வாப்பா வாங்குவா? கார் ஓடுதுதானே" என்றார் என் வாப்பா.

"எழுதாமக் கொடுத்தா அந்தக் காசு நமக்கு ஹலாலா?" என்று கேட்டார் மூத்தவாப்பா.

விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்வதை நாங்கள் எல்லோரும் சிறு வயதில் ஓதியிருக்கிறோம். ஆனால் குறையை மறைக்காமல் இருக்க, முதலில் குறை எதுவென்று தெரிய வேண்டும். முதல் நாளே இழுத்து ஓட்டியிருந்தால், மறைக்கும் எண்ணம் எங்களுக்குக் கொஞ்சமும் இல்லாமலே, தெரியாத ஒன்றை விற்றிருப்போம். ஒரு மாதம் பொறுத்ததால் எஞ்சின் தப்பியது. அதைவிட, எதை விற்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

மாவனல்லைக்காரர் வந்தார். பட்டியலை இரண்டு தரம் வாசித்தார். பேசிய விலையில் கொஞ்சம் குறைத்தார். நாங்கள் எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை. "இப்படி எழுதித் தந்த ஆள நான் இதுக்கு முந்திக் கண்டதில்ல" என்று பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காரை ஓட்டிப் போகாமல், லொறியில் ஏற்றிக் கொண்டுபோகும்படி ஐயா சொன்னதையும் கேட்டார். ஒக்டோபர் இரண்டாம் கிழமை எங்கள் கூரை வேலை முடிந்தது. வாடை மழை அதன் பிறகுதான் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

கொட்டில் இப்போது காலியாக இருக்கிறது. கொப்பி என்னிடம் இருக்கிறது. அதில் மிஞ்சிய பக்கங்களுக்கும் வேலை வந்துவிட்டது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் பலரும் சிறிய ஜெனரேட்டர்கள் வாங்கினார்கள். மின்வெட்டு முடிந்ததும் அவை மூலைக்குப் போயின. 2025 தொடக்கத்தில் ஒரு நாள் மின்சாரம் நின்றபோது, பக்கத்து வீட்டு மாமா தன்னுடையதை விறாந்தையில் வைத்துக் கயிற்றை இழுக்கப் போனார். உம்மா மதிலுக்கு மேலால் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க நானா, மகள் வாறா" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அதை விறாந்தையிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். பிறகு மாமாவிடம் கேட்டேன்:

"இத எப்ப நிப்பாட்டின நீங்க? உள்ளுக்கு இன்னும் பெற்றோல் இருக்கா?"